நாற்பது நிமிஷம் உயிரோடு இருந்தவர்

அத்தியாயம் 7

செத்துப்போன ஒருவர் திங்கட்கிழமை காலை எட்டு பன்னிரண்டுக்கு மருந்துக் கிடங்கின் கதவைத் திறந்து உள்ளே போயிருக்கிறார். எப்படிப் போனார் என்பதைப் புதன்கிழமை மாலை நான்கு மணிக்குள் நாங்கள் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவருடைய மனைவியைப் போலீஸில் ஒப்படைத்துவிடுவார்கள்.

புதன்கிழமை காலை பத்தரைக்கு எங்கள் கார் மருத்துவமனை வாசலில் நின்றது. காவலாளி பின் சீட்டில் இருந்த எனக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டு, ஓட்டிவந்த அத்தானிடம், "டிரைவருங்க எல்லாம் அந்தப் பக்கம் நிறுத்தணும்" என்றார். அத்தான் தலையாட்டிவிட்டு அந்தப் பக்கமே நிறுத்தினார்.

துப்பறிகிறவர் அத்தான்தான். நான் அவருக்கு உதவியாளன், அவர் மனைவிக்குத் தம்பி. அக்கா இறந்து எட்டு மாதமாகிறது. அவள் குள்ளம். காரின் முன் சீட்டை முடிந்தவரை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் உட்காருவாள். அந்தச் சீட்டை அத்தான் இன்றுவரை நகர்த்தவில்லை, என்னையும் நகர்த்த விடவில்லை. எனக்கு ஆறடி உடம்பு. முதல் மாதம் முழங்காலைத் தாடைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு பின் சீட்டுக்குப் போய் முதலாளி ஆகிவிட்டேன்.

இந்த எட்டு மாதமாக எங்கள் இருவருக்கும் எதுவும் உறைப்பதில்லை. கேஸ் வருகிறது, போகிறோம், கண்டுபிடிக்கிறோம், வீட்டுக்கு வந்து தூங்குகிறோம். நான் முன்பு போலவே ஜோக் அடிக்கிறேன், அத்தான் முன்பு போலவே சிரிக்காமல் இருக்கிறார். முன்பெல்லாம் என்னைச் சீண்டுவதற்காகச் சிரிக்கமாட்டார். இப்போது அப்படி இல்லை.

கண்காணிப்பாளர் அம்மா எங்களை உட்காரச் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அறுவை சிகிச்சைக்கு அப்புறம் போடற வலி ஊசி மருந்து. ஒரு பெட்டி காணோம். உள்ள அம்பது குப்பி. திங்கட்கிழமை ஏழரைலேருந்து ஒன்பது மணி வரைக்கும் கிடங்குக் கதவு ஒரே ஒரு தடவைதான் திறந்திருக்கு. இதுதான் கம்ப்யூட்டர் பிரிவு அச்சடிச்சுக் கொடுத்த பட்டியல்."

காகிதத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. எட்டு பன்னிரண்டு. பக்கத்தில் கிடங்குப் பொறுப்பாளரின் பெயர்.

"அவர் போன மாசம் ஆறாம் தேதி இறந்துட்டார். மாரடைப்பு. ஏழாம் தேதி அவர் கார்டை மூடியாச்சு. அந்தக் கார்டு அவர் மனைவியோட கைப்பையில இருந்துச்சு. அவங்களும் இங்கதான் நர்ஸ், ரெண்டாவது மாடி."

"அவங்க என்ன சொல்றாங்க?" என்றார் அத்தான்.

"ஒண்ணுமே சொல்லல. ரெண்டு நாளாக் கேக்கறோம். சுவத்தைப் பார்த்துட்டு உக்காந்திருக்காங்க."

"காமிரா?"

"போன மாசம் பெயிண்ட் அடிச்சாங்க. அதுலேருந்து அது கூரையைத்தான் பார்த்துட்டு இருக்கு."

"கூரையில ஏதாவது சிக்கியிருக்கா?" என்று கேட்டேன். அத்தானுக்கு நான்தான் உதவியாளன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

"நாலு மணிக்கு நிர்வாகக் குழு கூடுது" என்றார் அத்தானிடம். "அவர் உயிரோட இருக்கும்போதே ஏதோ குறுக்கு வழி பண்ணி வெச்சிருக்கார், அதைத்தான் அந்தம்மா பயன்படுத்தியிருக்காங்கன்னு முடிவு பண்ணிட்டாங்க. பதினெட்டு வருஷமா கிடங்குல ஒரு மாத்திரை குறைஞ்சதில்ல. இப்போ திருடன்னு எழுதி முடிக்கப் போறாங்க. எனக்கு மனசு ஒப்பல. ஆனா எங்கிட்ட இருக்கறது இந்த ஒரு வரிதான்."

கம்ப்யூட்டர் பிரிவு நான்காவது மாடியில் இருந்தது. அதன் தலைவரை மருத்துவமனை முழுக்கக் 'கம்பம்' என்றுதான் சொல்கிறார்கள். உள்ளே போனதுமே காரணம் தெரிந்தது. நெடுநெடுவென்று வளர்ந்தவர், விறைப்பாக நின்றபடியே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மேஜைக்கு அடியில் நாலு பக்கமும் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தது, கீபோர்டுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி. அறையில் நாற்காலியே இல்லை.

"மூடின கார்டு திறக்காது சார்" என்றார்.

"திறந்திருக்கே" என்றார் அத்தான்.

"அதான் எனக்கும் புரியல." குரலில் அலுப்பு. "டைரக்டரின்னு ஒண்ணு இருக்கு. யார் யார் வேலையில இருக்காங்க, யாருக்கு என்ன பாஸ்வேர்டு, யாருக்கு எந்தக் கதவு திறக்கும், எல்லாம் அந்த ஒரே பட்டியல்லதான். நமக்கு நாலு கிளை. நாலுலயும் ஒவ்வொரு நகல். ஒரு இடத்துல மாத்தினா ரெண்டு நிமிஷத்துல மத்த மூணுக்கும் போயிரும். யார் மாத்தினா, எப்போ மாத்தினா, எல்லாம் பதிவாகும். அந்தக் கார்டை யாரும் திரும்பத் திறந்துவிடல. நாலு இடத்துலயும் பார்த்துட்டேன்."

"நாலும் பேசி வெச்சுக்கிட்டு ஒரே பொய்யைச் சொன்னா?" என்றேன்.

"மெஷின் பொய் சொல்லாது சார்."

"ஒரு கிளை ரெண்டு நாள் படுத்துக்கிச்சுன்னு வைங்க" என்றார் அத்தான். "அப்புறம் எழுந்து வந்தா அதுக்கு நடுவுல நடந்தது எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது. தொழில் தெரிந்தவர்களிடம் தொழிலைப் பற்றிக் கேட்டால் முகமே மாறிவிடும். "மத்த மூணும் விட்டுப்போனதை வரிசையாச் சொல்லும் சார். வெளியூர் போயிட்டு வந்தவங்ககிட்ட பக்கத்து வீட்டுக்காரங்க சொல்ற மாதிரி. இன்னார் வந்தார், இன்னார் போனார்னு."

"எத்தனை நாள் வரைக்கும் சொல்லும்?"

"முப்பது நாள். அதுக்கு மேல பழைய கதையெல்லாம் வெச்சுக்காது. முப்பதைத் தாண்டிட்டா அந்தக் கிளையைச் சேர்த்துக்கவே சேர்த்துக்காது. அதுல இருக்கறதை அழிச்சுட்டு, நல்லா இருக்கற இன்னொரு கிளையிலேருந்து முழுசா நகல் எடுத்துத்தான் நிரப்பணும்."

பேச்சு சுவாரஸ்யத்தில் அவர் கையிலிருந்த பேனா நழுவிக் கீழே விழுந்தது. "கொஞ்சம் எடுத்துக் கொடுங்களேன்" என்று என்னிடம் சொன்னார். குனிந்து எடுத்துக் கொடுத்தேன். நீலப் பேனா, மூடி இல்லை. நிமிரும்போது எதிரே இருந்த அலமாரி கண்ணில் பட்டது. அந்தப் பட்டியலைத் தினம் நகலெடுத்து வைக்கும் பேக்கப் டேப்புகள், ஒவ்வொன்றிலும் தேதி ஒட்டி, மேல் தட்டுகளில் நெருக்கியடித்து அடுக்கியிருந்தன. கீழ்த் தட்டு இரண்டும் காலியாகக் கிடந்தன.

வெளியே வந்ததும் அத்தான் படிக்கட்டில் நின்றார்.

"எல்லாரும் அந்தக் கதவைப் பத்தியே கேட்டுட்டு இருக்காங்க, மச்சான். திங்கட்கிழமை காலைல இந்தக் கட்டிடத்துல வேற யாருக்காவது ஏதாவது கோளாறு ஆச்சான்னு யாரும் கேக்கல."

"ஆஸ்பத்திரில போய் யாருக்காவது கோளாறான்னு கேட்டா சாயந்திரம் ஆயிரும் அத்தான்."

அவர் சிரிக்கவில்லை. கீழே இறங்கத் தொடங்கியிருந்தார்.

முதலில் வாசல் காவலாளி. எங்களில் யார் முதலாளி என்பது அவருக்கு இன்னும் தெளிவாகவில்லை. பொதுவாக நடுவில் இருந்த தூணைப் பார்த்துப் பேசினார்.

"திங்கட்கிழமையா? எலும்புப் பிரிவுல புதுசா உடற்பயிற்சி சொல்லிக் குடுக்கற அம்மா சேர்ந்திருக்காங்க. பத்து நாளா தினம் வர்றாங்க. அன்னைக்கு மட்டும் அவங்க கார்டை மெஷின் ஏத்துக்கல. அப்படி ஒரு ஆளே இல்லைன்னு காட்டுச்சு. எட்டேகால் இருக்கும். நான் உள்ள விடல. சண்டை போட்டாங்க. அப்புறம் எட்டே முக்காலுக்கு மறுபடியும் கார்டை வெச்சாங்க, பச்சை விழுந்துச்சு. அதுலேருந்து என்கூடப் பேசறதில்ல."

அடுத்து குழந்தைகள் வார்டு டாக்டர். நடந்துகொண்டே பதில் சொன்னார். "வெள்ளிக்கிழமை பாஸ்வேர்டு மாத்தினேன். திங்கட்கிழமை காலைல புது பாஸ்வேர்டு தப்புன்னு வந்துச்சு. கடுப்புல பழசைப் போட்டேன், திறந்துச்சு. நான்தான் மாத்தினதாக் கனவு கண்டேன்போலன்னு விட்டுட்டேன்."

மூன்றாவது, முதல் மாடி நர்ஸ். புதிதாகக் கல்யாணமானவள். "போன மாசம் அஞ்சாம் தேதி பேரு பின்னாடி அவர் பேரைச் சேர்த்து மாத்திக் கொடுத்தாங்க. திங்கட்கிழமை காலைல கம்ப்யூட்டரைத் திறந்தா பழையபடி அப்பா பேர். அரை மணி நேரத்துல சரியாயிருச்சு. வீட்ல அவர்கிட்ட சொன்னேன். உங்கப்பாதான் ஏதோ பண்ணியிருப்பார்னு சொல்றார்."

அத்தான் நடைபாதை ஜன்னலோரம் நின்று விரல் மடக்கினார்.

"பத்து நாள் முன்னாடி சேர்ந்தவங்க இல்லாமப் போனாங்க. போன வாரப் பாஸ்வேர்டு பழசாச்சு. கல்யாணம் ஆனவ ஆகாதவ ஆனா. இறந்தவர் கார்டு திறந்துச்சு. எல்லாம் ஒரே காலைல, அதே அரை, முக்கால் மணி நேரத்துல."

"கட்டிடமே ஒரு மாசம் பின்னாடி போயிருச்சா?"

"டைரக்டரி போயிருக்கு. யாரோ இந்தக் கிளையில பழைய பேக்கப்பை எடுத்துப் போட்டிருக்காங்க. மத்த மூணும் பார்த்துச்சு. இவன் பின்தங்கிட்டானேன்னு ஒரு மாசக் கதையையும் வரிசையாச் சொல்ல ஆரம்பிச்சுது. இன்னாருக்குப் பேர் மாறிருச்சு, இன்னார் புதுசா வந்திருக்காங்க, இன்னார்..."

அங்கே நிறுத்தினார். "இன்னார் செத்துட்டார்னு. அது வரைக்கும் நாப்பது நிமிஷம் அவர் உயிரோட இருந்திருக்கார்" என்றார்.

அவர் முகத்தில் ஒன்றுமில்லை. என் முகத்திலும் இருந்திருக்காது.

ஆனால் எனக்கு ஒரு நிம்மதி. "அப்போ கேஸ் முடிஞ்சுது அத்தான். மெஷின் கோளாறுல தப்பா ஒரு பேர் விழுந்திருக்கு. அந்தம்மா உள்ளேயே போயிருக்க மாட்டாங்க. நாலு மணிக்கு இதைச் சொன்னாப் போதும்."

"அவங்களைக் கேட்டுட்டுச் சொல்லலாம்."

இரண்டாவது மாடி ஓய்வறையில் அந்தம்மா உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். சீருடை கசங்காமல் இருந்தது, கைகள் மடியில். எதிரே இன்னொரு நாற்காலி இருந்தும் அத்தான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவர் பார்த்த சுவரையே தானும் பார்த்தார். நான் கதவோரம் நின்றேன்.

"என் வீட்ல எட்டு மாசம் ஆச்சும்மா" என்றார் அத்தான்.

அந்தம்மா திரும்பிப் பார்த்தார். "எனக்கு நாளையோட முப்பது நாள்" என்றார். இரண்டு நாளில் அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

"தினமும் கார்டை வெச்சுப் பார்ப்பீங்களா?"

"ம்." ஆச்சரியப்படாமல் சொன்னார். "லீவு முடிஞ்சு வந்த நாள்லேருந்து. உடை மாத்தற ரூமுக்கு அந்தக் கதவைத் தாண்டித்தான் போகணும். வைப்பேன், சிவப்பு விழும், போயிருவேன். அதுல ஒண்ணுமில்ல. காலைல அவர் உள்ளதான் இருப்பார், தட்டிட்டுப் போவேன். அந்தப் பழக்கம்."

"திங்கட்கிழமை?"

"பச்சை விழுந்துச்சு."

என் நிம்மதி அந்த இடத்திலேயே செத்தது. மெஷின் கோளாறு என்று கட்டிய கோட்டை முழுவதும் சரிந்து, அந்தம்மா இப்போது கிடங்குக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தார், அவர் வாயாலேயே.

"உள்ள போனேன். கடைசி ராக்குக்குப் பின்னாடி அவர் நாற்காலி இருக்கு. யாரும் எடுக்கல. உக்காந்தேன். கண்ணை மூடிட்டேன். அப்போ கதவு திறந்துச்சு."

"யார் வந்தாங்க?"

"பார்க்கல."

"பார்க்கலையா?" என்றேன் நான்.

"கண்ணைத் திறக்கல" என்றார் என்னைப் பார்த்து, ஒரு சின்னப் பையனுக்குச் சொல்வதுபோல. "திறந்தா வேற யாராவதா இருப்பாங்க."

எனக்கு ஒரு ஜோக் சொல்லி அதைக் கலைக்க வேண்டும்போல் இருந்தது. பன்னிரண்டு வருஷமாக அதுதான் என் வேலை. ஒன்றும் வரவில்லை.

"அதைச் சொன்னா, கண்ணைத் திறந்தது மாதிரிதான்" என்றார் அந்தம்மா. "அதான் அவங்ககிட்ட சொல்லல."

"என்ன கேட்டுச்சு?" என்றார் அத்தான் மெதுவாக.

"பெட்டியை எடுத்தாங்க. ஒட்டுத்தாளைக் கிழிக்கற சத்தம். அப்புறம் சின்னதா ஏதோ கீழ விழுந்துச்சு. எடுக்கல. அவரா இருந்தா உடனே குனிஞ்சு எடுப்பார், தரையில ஒரு தூசி கிடக்க விடமாட்டார். இது காலாலயே தள்ளிவிடற சத்தம். தள்ளித் தள்ளி ராக்குக்கு அடியில. அப்போதான் தெரிஞ்சுது அவர் இல்லைன்னு. அதுக்கப்புறமும் கண்ணைத் திறக்கல."

அத்தான் எழுந்தார். கதவருகே வந்தபோது என் பக்கம் சாய்ந்து, "குனிய முடியாத ஆள்" என்றார். எனக்கு அதற்குள் காலியான கீழ்த் தட்டுகள் நினைவுக்கு வந்திருந்தன. நாற்காலியில்லாத அறையும், நான் எடுத்துக் கொடுத்த மூடியில்லாத பேனாவும் கூடவே வந்தன.

கண்காணிப்பாளர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் கிடங்கைத் திறந்தோம். தரையில் படுத்து ராக்குக்கு அடியில் கையை விடும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. ஒரு நீல மூடி. நுனியில் பல் பதிந்திருந்தது. நான் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டபோது அத்தான் கண்காணிப்பாளர் அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

"கம்பம் சாருக்கு இந்தக் கிடங்குக்குள்ள வர அனுமதி இருந்திருக்கா? எப்பவாவது?"

அவர் யோசித்தார். "போன மாசம். கதவோட கார்டு மெஷின் ரிப்பேர் ஆச்சு. மூணு, நாலு, அஞ்சு, மூணே நாள். நான்தான் கையெழுத்து போட்டேன். ஆறாம் தேதி எடுத்தாச்சு." சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறியது. அவரையும் மேலே வரச் சொன்னோம்.

மணி மூன்று. கம்பம் அதே இடத்தில் அதே மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"திங்கட்கிழமை காலைல பழைய டேப்பைப் போட்டிருக்கீங்க" என்றார் அத்தான்.

மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. தோள் இறங்கியது. "டிஸ்க் போயிருச்சு சார். பதட்டத்துல கையில கிடைச்ச டேப்பைப் போட்டுட்டேன். கதவுகளோட இணைப்பைத் துண்டிச்சுட்டு, எல்லாம் சரியானதுக்கு அப்புறம்தான் சேர்க்கணும். மறந்துட்டேன். வெளிய சொன்னா வேலை போயிரும். அதான் வாயைத் திறக்கல. தப்புதான்."

நான் அவரை நம்பிவிட்டேன். ஒரு மனிதன் வெட்கப்பட்டு உளறும்போது எப்படி இருப்பானோ அப்படியே இருந்தார். கண்காணிப்பாளர் அம்மாகூட ஒரு மூச்சு விட்டார்.

"ஞாயித்துக்கிழமை டேப் இருந்துச்சே" என்றார் அத்தான்.

"சார்?"

"ஒரு நாள் பழசு. அதைப் போட்டிருக்கலாம். இல்ல, டேப்பே வேண்டாம், இன்னொரு கிளையிலேருந்து முழுசா நகல் எடுத்து நிரப்பியிருக்கலாம். நீங்கதான் காலைல சொன்னீங்க. ரெண்டையும் விட்டுட்டு இத்தனை டேப்புக்கு நடுவுல தேடி ஒரு மாசம் பழசை எடுத்திருக்கீங்க. அஞ்சாம் தேதி பேர் மாத்தின பொண்ணுக்குப் பழைய பேர் வந்துச்சு. அப்போ அது அஞ்சுக்கு முந்தின டேப். மூணோ, நாலோ."

கம்பம் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்குக் கிடங்குக் கதவு திறந்த நாளுங்க அது. நீங்களே உங்களுக்குத் திரும்ப அனுமதி போட்டுக்கிட்டா உங்க பேர்ல பதிவாகும். பழைய டேப்பைப் போட்டா யாரும் எதையும் மாத்தல. அன்னைக்கு இருந்தது அப்படியே எழுந்து வரும், உங்க அனுமதியும் சேர்ந்து. நாப்பது நிமிஷத்துல மத்த மூணு கிளையும் அதை எடுத்துட்டுப் போயிரும். நீங்க கை வைக்கவே வேண்டாம்."

"ஏன் திங்கட்கிழமை?" என்று நான் கேட்டேன். கேட்பது என் வேலை. அத்தான் அதற்காகவே காத்திருப்பார்.

"நாலாம் தேதி டேப்புக்குத் திங்கட்கிழமையோட இருபத்தொன்பது நாள். முப்பதைத் தாண்டிட்டா மத்த மூணும் சேர்த்துக்காது. இந்தக் கிளை பழசுலயே மாட்டிக்கும், ஊருக்கே தெரிஞ்சிரும். இன்னும் ஒரே நாள்தான் பாக்கி. அதுக்கு மேல தள்ளிப்போட முடியல."

கண்காணிப்பாளர் அம்மா கேட்டார், "கதவுப் பட்டியல்ல உங்க பேர் இல்லையே?"

"பட்டியலை அச்சடிச்சுக் கொடுத்ததே அவர்தானேம்மா" என்றேன்.

அத்தான் நீல மூடியை மேஜை மேல் வைத்தார். கம்பம் அதைப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்த பேனாவைத் தொட்டுக்கொண்டார். பிறகு அலமாரியைக் காட்டினார். "மேல் தட்டு. டேப்புக்குப் பின்னாடி. நாப்பத்தாறு மிச்சம் இருக்கு."

நான் கையை விட்டு எடுத்தேன். நாற்பத்தாறுதான்.

"முதுகுல ஆபரேஷன் ஆகி ரெண்டு வருஷம்" என்றார். யாரையும் பார்க்காமல் சொன்னார். "பத்து மாசமா டாக்டர் ஊசி எழுதித் தர்றதில்ல. போதும்னுட்டார். வலிக்கு யாரும் போதும்னு சொல்லல."

"பட்டியல்ல அவர் பேரைப் பார்த்தப்போ?" என்றார் அத்தான்.

"பயந்துட்டேன். டேப்ல அவரும் உயிரோட இருப்பார்னு தோணவே இல்ல. என் வரியை எடுத்தேன். அவர் வரியையும் எடுக்கத்தான் கை போச்சு. அதுக்குள்ள பெட்டி காணோம்னு கீழ சத்தம். யார் மேலயாவது விழுந்தாகணுமேன்னு... விட்டுட்டேன்."

எனக்கு அந்த இடத்தில் கோபம் வந்திருக்க வேண்டும். பதினெட்டு வருஷம் ஒரு மாத்திரை குறையாமல் பார்த்துக்கொண்டவனைச் செத்தபிறகு திருடனாக்கியவன் எதிரே நிற்கிறான். வரவில்லை. அந்த முதுகோடு அவர் எப்படிப் படுத்துத் தூங்குவார் என்று மட்டும் யோசித்தேன்.

நான்கு மணிக்கு நிர்வாகக் குழு கூடியது, நான்கு இருபதுக்குக் கலைந்தது. கிடங்குப் பொறுப்பாளரின் பெயரில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். கம்பத்தை இரண்டு பேர் கூட்டிக்கொண்டு போனார்கள். மின்தூக்கியில் நிற்பது மட்டும் அவருக்குக் கஷ்டமாக இல்லை.

அத்தான் கண்காணிப்பாளர் அம்மாவிடம் கையை நீட்டி அந்தக் கார்டைக் கேட்டார். "இது எதையும் திறக்காது. அவங்ககிட்டயே இருக்கட்டும்." அவர் ஒரு விநாடி தயங்கிவிட்டுக் கொடுத்தார்.

இரண்டாவது மாடியில் அந்தம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். டேப், நாற்பது நிமிஷம், மற்ற மூன்று கிளைகள், எல்லாம். அத்தான் எதையும் சுருக்காமல் சொன்னார். அந்தம்மா கார்டை வாங்கி இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். நன்றி சொல்லவில்லை. அது எங்களுக்கு ஆறுதலாக இருந்தது.

நாங்கள் கிளம்பும்போது, "சார்" என்றார்.

"சொல்லுங்கம்மா."

"அந்த டேப்பை இன்னொரு தடவை போட முடியுமா?"

"எதுக்கும்மா?"

"அன்னைக்குக் கண்ணை மூடிட்டு உக்காந்துட்டேன்."

அத்தான் பொய் சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொல்லட்டும் என்றும் நினைத்தேன்.

"முடியாதும்மா" என்றார். "நேத்தோட முப்பது நாள் முடிஞ்சுருச்சு. இனிமே போட்டா மத்த மூணும் சேர்த்துக்காது."

"சரி" என்றார் அந்தம்மா. கார்டைக் கைப்பைக்குள் வைத்து, பையை மூடிவிட்டு எழுந்தார். அவருக்கு வார்டு டூட்டி பாக்கி இருந்தது.

டிரைவர்கள் நிறுத்தும் பக்கத்தில் எங்கள் கார் தனியாக நின்றது. நான் வழக்கம்போலப் பின் கதவைத் திறந்தேன். அத்தான் ஓட்டுகிற பக்கம் போகாமல் முன்பக்கக் கதவைத் திறந்து குனிந்து நின்றார். உள்ளே எதையோ தேடுகிறார் என்று நினைத்தேன்.

"இங்க வா" என்றார். "இதைப் பிடி."

சீட்டுக்கு அடியில் இருந்த கம்பியை அவர் தூக்கிப் பிடித்திருந்தார். எட்டு மாதமாக யாரும் தொடாத சீட்டு. அசையவில்லை. நான் பின்னால் போய் இழுத்தேன், அவர் முன்னால் நின்று தள்ளினார். இரண்டு பேருக்கும் வியர்த்தது. கடைசியில் ஒரு சத்தத்தோடு அது கடைசிவரை பின்னால் போய் நின்றது. தரையில் அதுவரை மறைந்திருந்த இடத்தில் அக்காவின் தலைமுடி ஊசி ஒன்று கிடந்தது. அத்தான் குனிந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சுற்றி வந்து வண்டியை எடுத்தார்.

வாசலில் காவலாளி குழம்பிப்போனார். முன் சீட்டில் இரண்டு பேர், பின்னால் யாரும் இல்லை. யாருக்கு அடிப்பது என்று தெரியாமல் காருக்குப் பொதுவாக ஒரு சல்யூட் அடித்தார். அதை வைத்து ஒரு ஜோக் சொல்ல வாயைத் திறந்தேன், பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

காலை நன்றாக நீட்டி உட்கார்ந்திருந்தேன். முழங்கால் எங்கேயும் இடிக்கவில்லை. இடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.